சமூக ஊடகம் நாலு நாள் மோகமா, நிலைத்துவிட்ட மாற்றமா? எதை வைத்து முடிவு செய்வது?

முகிலன்

வணக்கம் நண்பர்களே.

ஒரு தன்னார்வ அமைப்புக்கு அடுத்த 10 ஆண்டுகளுக்கான தொடர்புத் திட்டம் எழுத வேண்டும். குழுவில் இரண்டு கட்சி. "தொலைக்காட்சி மாதிரி இதுவும் வேரூன்றிவிட்டது, சொந்த இணையதளத்தையும் மின்னஞ்சல் பட்டியலையும் மூடிவிட்டு முழுக்க அங்கேயே போய்விடலாம்" என்கிறது ஒன்று. "ஆர்குட் போச்சு, கூகுள் பிளஸ் போச்சு, இருப்பதும் போகும்; அதில் நேரம் போடுவதே வீண்" என்கிறது மற்றது. இரு பக்கமும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. அளவுகோல்தான் யாரிடமும் இல்லை.

ஆகவே கேட்கிறேன்: ஒன்று மோகமா, நிலைத்த மாற்றமா என்று பிரித்தறிய எந்த எண்களைப் பார்க்க வேண்டும்? இதுவரை வந்த கணிப்புகள் எங்கே சறுக்கின? தளம் நாளை மூடினாலும் அமைப்பு விழாமலிருக்க இன்றே என்ன செய்து வைக்க வேண்டும்? "காலம் பதில் சொல்லும்" வகைப் பதில்கள் வேண்டாம், தயவுசெய்து.

---

தரவுத்தச்சன்

முகிலன், உங்கள் குழுவில் இருவருமே சரிதான். வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

'சமூக ஊடகம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று அடுக்கு கிடக்கிறது. மேலே தளம், அதாவது பெயர்ப்பலகை. நடுவே வடிவம்: ஃபீட் (திரையில் ஓடிக்கொண்டே வரும் பதிவு வரிசை), லைக், ஹேஷ்டேக், ஸ்டோரி, குறுங்காணொளி. அடியில் பழக்கம்: முன்பின் தெரியாதவர்கள் பார்க்கும்படி எவரும் எதையும் வெளியிடலாம், அதற்கு உடனே பதில் வரும் என்ற எதிர்பார்ப்பு. மூன்றுக்கும் ஆயுள் ஒன்றல்ல.

தளத்தின் ஆயுள் குறைவு. மைஸ்பேஸை 2005-இல் 58 கோடி டாலருக்கு வாங்கினார்கள்; 2011-இல் ஏறக்குறைய 3.5 கோடிக்குக் கைமாறியது. ஆர்குட் 2004 ஜனவரியில் பிறந்து 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2011 முதல் 2019 வரை. சில வினாடிக் காணொளித் தளமான வைன் நாலே ஆண்டு.

வடிவம் தளத்தைவிட நீண்டநாள் வாழும். ஹேஷ்டேக்கை 2007-இல் முன்மொழிந்தவர் ட்விட்டரின் பயனர் ஒருவர், நிறுவனம் அல்ல. இன்று அது இல்லாத தளத்தைத் தேட வேண்டும். ஸ்டோரி, அதாவது ஒரு நாளில் மறையும் பதிவு, 2013-இல் ஸ்னாப்சாட்டில் வந்தது, 2016-இல் இன்ஸ்டாகிராமுக்கும் 2017-இல் வாட்ஸாப்புக்கும் தாவியது. அதே வடிவத்தை ட்விட்டர் 'ஃபிளீட்ஸ்' என்று 2020 நவம்பரில் கொண்டுவந்து 2021 ஆகஸ்டில் எடுத்துவிட்டது. எங்கும் வேர்பிடிக்கும் என்ற உத்தரவாதமில்லை. ஆனால் வைன் செத்த பிறகும் சில வினாடிக் காணொளி சாகவில்லை. இதுதான் உங்கள் முதல் சோதனை: தளம் செத்தபின் வடிவத்தை வேறு யாராவது எடுத்துக்கொண்டார்களா?

பழக்கத்துக்கு வருவோம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2005-இல் கணக்கெடுக்கத் தொடங்கியபோது வயதுவந்தோரில் 5 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு தளத்தில் இருந்தார்கள். 2018-இல் 69, 2021-இல் 72. இந்த எண்ணைவிட வளைவின் வடிவம் முக்கியம். மோகம் என்றால் கூர்நுனி மலைபோல ஏறி, ஏறிய வேகத்திலேயே இறங்கும். இது எஸ் வடிவில் ஏறி மேட்டுநிலத்தில் நின்றுவிட்டது. இடையில் எத்தனை தளங்கள் மாண்டும் மொத்த எண் சரியவில்லை.

அடுத்து, எந்த எண்களை நம்புவது. பதிவு செய்தோர் எண்ணிக்கையைத் தொடவே வேண்டாம். 2023 ஜூலையில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா விட்ட திரெட்ஸ் செயலி 5 நாளில் 10 கோடிப் பதிவுகளைத் தொட்டது. அவர்களில் பாதிப்பேர்கூட நிலைக்கவில்லை என்று அதே மாதத்தில் நிறுவனத் தலைவரே ஊழியர்களிடம் ஒப்புக்கொண்டார். அன்று அதை மோகம் என்று எழுதியவர்களும் அவசரப்பட்டார்கள். 2025 ஆகஸ்டில் மாதப் பயனர் 40 கோடி என்று அறிவித்தார்கள். வெறும் பதிவு எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

பார்க்க வேண்டியது தங்கும் விகிதம். ஒரே மாதத்தில் சேர்ந்த 1,000 பேரை ஒரு கூட்டமாக வைத்து 1, 3, 6, 12, 24-ஆம் மாதங்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எழுதுங்கள். 400, 200, 100, 50, 25 என்று போனால் ஓட்டை வாளி. மேலே எவ்வளவு ஊற்றினாலும் ஒருநாள் காலியாகும். 400, 310, 280, 270, 268 என்றால் அடியில் பழக்கம் படிந்துவிட்டது. (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.) வெளியாள் ஒருவருக்கு இந்தப் பட்டியல் கிடைக்காது. அதற்குப் பதிலாகத் தினப் பயனரை மாதப் பயனரால் வகுத்துப் பாருங்கள். ஃபேஸ்புக் கடைசியாக வெளியிட்ட 2023 டிசம்பர் கணக்கு: தினம் 211 கோடி, மாதம் 307 கோடி. விகிதம் 69 விழுக்காடு. மாதம் ஒருமுறையாவது வருபவர்களில் மூன்றில் இருவர் எந்த நாளிலும் உள்ளே இருக்கிறார்கள். இருபது வயதை நெருங்கும் ஒரு 'மோகத்துக்கு' இது நடக்காது.

'கடைசியாக' என்றேன், கவனித்தீர்களா? 2024 முதல் அந்த நிறுவனம் தளவாரியாகக் கொடுப்பதை நிறுத்தி, எல்லாச் செயலிகளையும் சேர்த்து ஒரே எண் தருகிறது. அளவுகோலை மாற்றிய ஆண்டுக்கு முன்னும் பின்னுமான எண்களை ஒரே கோட்டில் வரையாதீர்கள். பாதிக் கட்டுரைகள் இங்கேதான் கவிழ்கின்றன.

---

பழைய_மோடம்

தச்சன் கணிப்பு சறுக்கின கதையைத் தொடாம விட்டுட்டார். அதுதான் ருசியான பகுதி, நான் சொல்றேன்.

2014 ஜனவரியில பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ரெண்டு பேர் ஒரு கட்டுரை போட்டாங்க. தொற்றுநோய் பரவி அடங்குற கணித மாதிரியை எடுத்து, மைஸ்பேஸோட ஏற்ற இறக்கத்துக்குப் பொருத்திப் பார்த்து, அதையே ஃபேஸ்புக்குக்குப் போட்டு, 2015-க்கும் 2017-க்கும் நடுவுல உச்சத்துல இருந்த பயனர்ல 80 விழுக்காடு போயிடும்னு முடிவு சொன்னாங்க. நடக்கல.

மாதிரியில பெரிய குத்தமில்லை, தீனியிலதான் குத்தம். அவங்க எடுத்துக்கிட்டது அந்தப் பேரைக் கூகுள்ல எத்தனை பேர் தேடுறாங்கங்கிற அளவை. ஜனங்க செல்போன் செயலிக்கு மாறினா பேரைத் தட்டித் தேடவே மாட்டாங்க. பழக்கம் முத்த முத்தத் தேடல் குறையும். அதைச் சாவுன்னு படிச்சுட்டாங்க. ஃபேஸ்புக் ஆளுங்க அதே முறையைப் பிரின்ஸ்டன் மேலயே போட்டு, 2021-ல அங்க ஒரு மாணவர்கூட இருக்க மாட்டார்னு 'நிரூபிச்சு' பதில் எழுதினாங்க. நக்கல்தான், ஆனா பாடம் சரி. அந்தத் தேடல் அளவைத் தர்ற கூகுள் டிரெண்ட்ஸ், 0-ல இருந்து 100 வரைக்கும் காட்டுறது ஆள் எண்ணிக்கையே கிடையாது. நீங்க எடுத்த காலத்துல உச்சம் எதுவோ அதை 100-ன்னு வச்சு மத்ததைச் சுருக்கிக் காட்டுது. அதை ஆள் கணக்கா எடுத்துக்கிட்டா அம்போதான்.

உண்மையான மோகம் எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா 1970-கள்ல அமெரிக்காவுல இருந்த சிபி ரேடியோவைப் பாருங்க, வண்டியில வச்சு ரெண்டு பக்கமும் பேசிக்கிற குறுந்தூர ரேடியோ. லாரிக்காரங்ககிட்ட இருந்து பொதுஜனத்துக்குப் பரவுச்சு. புனைபெயர், முகம் தெரியாதவங்களோட அரட்டை, தனிக் குழூஉக்குறி, இன்னைக்கு இருக்கிற எல்லாமே அங்க இருந்துச்சு. கூட்டம் தாங்காம 1977 ஜனவரியில 23 சேனலை 40 ஆக்கினாங்க. அப்புறம் கொஞ்ச வருஷத்துல பொதுஜனம் கழண்டுக்கிச்சு. காரணம் ரசனை மாறினது மட்டுமில்ல, பௌதிகமும்தான். ஒரு சேனல்ல ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் பேச முடியும். கூட்டம் கூடக்கூட இரைச்சல் கூடும், பயன் குறையும். வடிகட்டி கிடையாது, சேமிப்பு கிடையாது, தேடல் கிடையாது.

இதை அப்படியே கிளப்ஹவுஸ் மேல வச்சுப் பாருங்க. 2020-ல வந்துச்சு, 2021 தொடக்கத்துல அழைப்புச் சீட்டுக்கு அடிதடி. நேரலைக் குரல், அந்த நேரத்துக்கு நீங்க அங்க இருந்தாத்தான் உண்டு. வடிவத்தை மத்தவங்க நகலெடுத்ததும் கூட்டம் கலைஞ்சுது. அதனால ரெண்டாவது சோதனை: ஆள் கூடக்கூடப் பயன் ஏறுதா, இறங்குதா? இறங்கினா மோகம்னு எழுதிக்கலாம். வடிகட்ட வழி இருந்தா நிலைக்கும்.

யூஸ்நெட், அதாவது வலைத்தளங்களுக்கு முந்தின விவாதக்குழு வலை, இதுக்கு நடுவுல நிக்கிற கேஸ். 1980-ல ஓட ஆரம்பிச்சுது. வருஷா வருஷம் செப்டம்பர்ல பல்கலைக்கழகங்கள்ல சேர்ற புது மாணவர்கள் வந்து ஒரு மாசம் அமளி பண்ணி, அப்புறம் ஒழுங்கு கத்துப்பாங்க. 1993 செப்டம்பர்ல இருந்து வரத்து நிக்கவே இல்லை. கத்துக்கொடுக்கிற வேகத்தைவிட வர்ற வேகம் கூடிப்போச்சு. 1994-ல வக்கீல் தம்பதி ஒண்ணு ஆயிரக்கணக்கான குழுக்கள்ல ஒரே விளம்பரத்தைக் கொட்டுச்சு. உரையாடல் இடமா அது தேஞ்சுபோச்சு. ஆனா அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் தொகுப்பு, மட்டுறுத்துநர், ஒரு ஆளை மொத்தமா மறைச்சு வைக்கிறது, ஸ்பாம்ங்கிற சொல்லைக் குப்பை விளம்பரத்துக்குப் பயன்படுத்தற வழக்கம், எல்லாம் அந்த ஊர்ச் சொத்துதான். வீடு இடிஞ்சுது, பாத்திர பண்டமெல்லாம் அடுத்த வீட்டுக்கு வந்துடுச்சு.

---

கணுக்கண்ணி

தளங்கள் ஏன் மெல்லத் தேயாமல் சட்டென்று சரிகின்றன என்பதை யாரும் தொடவில்லை. திட்டம் எழுதுபவருக்கு இதுதான் ஆபத்தான இடம்.

ஃபிரெண்ட்ஸ்டர் என்ற பழைய நண்பர் வலைத்தளம் சரிந்ததை 2013-இல் சூரிக்கில் உள்ள இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிணக்கூறாய்வு செய்தார்கள். அது விளையாட்டுத் தளமாக மாறுவதற்கு முன் இணையக் காப்பகம் எடுத்து வைத்திருந்த தரவுதான் மூலம். அவர்கள் பயன்படுத்திய கருவி 'கே-கோர்'. எளிதாக இப்படிப் பாருங்கள். ஒருவர் தங்க வேண்டுமானால் அவருடைய நண்பர்களில் குறைந்தது 3 பேராவது உள்ளே இயங்க வேண்டும் என்று வையுங்கள். தளம் மந்தமாகிறது, அல்லது வடிவமைப்பு மாறி எரிச்சல் கூடுகிறது. இப்போது அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ள 5 நண்பர்கள் தேவை. 3, 4 நண்பர் உள்ளவர்கள் கிளம்புகிறார்கள். 6 நண்பர் இருந்தவருக்கு அதில் இருவர் போனதும் 4 ஆகிவிடுகிறது, அவரும் கிளம்புகிறார். அவர் போனதால் 7 இருந்தவர் தள்ளாடுகிறார். வெங்காயம் உரிவதுபோல வெளித்தோலில் தொடங்கி உள்ளே வரும். தலைக்குச் சராசரியாக 100 நண்பர் இருக்கிறார்களா என்பது பொருட்டே இல்லை. குறைந்த நண்பர் உள்ளவர்கள் யாரைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

எனவே உங்கள் பக்கத்தை 5,000 பேர் பின்தொடர்வது உறுதியைக் காட்டாது. அவர்களுக்குள் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா என்று பாருங்கள். எல்லா நூலும் உங்களிடம் மட்டுமே வந்து முடிந்தால், பின்னல் ஒரே முடிச்சில் தொங்குகிறது.

இந்த விளக்கம் நண்பர் வலைக்குத்தான் சரி. இன்றைய ஃபீட் பெரும்பாலும் நண்பர் வலையே அல்ல. அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2025-இல், மெட்டா தாமே காட்டிய கணக்கு: ஃபேஸ்புக்கில் செலவாகும் நேரத்தில் நண்பர்கள் போட்டதைப் பார்ப்பது 17 விழுக்காடு, இன்ஸ்டாகிராமில் 7. மீதியில் பெரும்பகுதி, பரிந்துரை இயந்திரம் எங்கிருந்தோ எடுத்துத் தருவது. வழக்குக்காகக் காட்டிய எண் என்பதால் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும், ஆனால் போகும் திசையில் சந்தேகமில்லை.

இதற்கு இரண்டு விளைவு. நண்பர்கள் போனாலும் ஃபீட் காலியாகாது. ஃபிரெண்ட்ஸ்டர் மாதிரியான உரிதல் நிகழ்வது கடினம். ஆனால் நண்பர்களை இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை என்பதால் நான் கிளம்புவதும் எளிது. புதிய செயலி ஒன்று, நான் எந்தக் காணொளியில் எத்தனை வினாடி நின்றேன் என்பதை மட்டும் வைத்துச் சிறிது நேரத்திலேயே எனக்கேற்ற ஃபீட் தந்துவிடும். டிக்டாக் நண்பர் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளாமலே வளர்ந்ததன் சூட்சுமம் இதுதான்.

ஆக, பழக்கம் முன்பைவிட உறுதி. எந்த ஒரு தளத்தின் பிடியும் முன்பைவிடத் தளர்வு. "முழுக்க அங்கேயே போவோம்" என்ற கட்சி இந்த இரண்டாவது பாதியைத்தான் பார்க்கத் தவறுகிறது.

---

மறுகுரல்

எனக்கு ஒரு மறுப்பு உண்டு. தச்சன் 'பழக்கம்' என்று ஒரே அடுக்காக வைத்தது தவறு. அதில் பார்ப்பதும் பதிவதும் தனித்தனி. பார்ப்பது நிலைத்துவிட்டது. ஆனால் சாதாரண மனிதர் தன் சாப்பாட்டையும் கருத்தையும் பொதுவெளியில் போடுவது, ஃபேஸ்புக் ஃபீட் வந்த 2006-இல் சூடுபிடித்து ஒரு பத்தாண்டு ஓடிய கட்டம் என்றே நினைக்கிறேன். கணுக்கண்ணி தந்த 17-உம் 7-உம் எனக்குச் சாட்சி. பேச்சு மூடிய குழுக்களுக்குள் போய்விட்டது. பொதுவெளியில் மிஞ்சியது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வரும் ஏதோ ஒன்று, விரலால் சேனல் மாற்றுகிறோம், அவ்வளவே.

மூடிய குழுவுக்கென்று தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, திட்டத்தில் சேருங்கள். வாட்ஸாப் குழுவில் 1,024 பேர்தான். டெலிகிராமில் 2 லட்சம் வரை. எந்தத் தேடுபொறியும் உள்ளே வராது. மிகப் பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் முன்னனுப்ப முடியும் என்று வாட்ஸாப் 2020 ஏப்ரலில் கட்டுப்படுத்தியது. "எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்பதை நம்பிய பரப்புரைகள் அதில் முட்டிக்கொண்டன.

நிலைத்ததா என்று அறிய இன்னொரு சோதனை: அணைத்தால் என்ன உடைகிறது? 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றும் 6 மணி நேரம்போல முடங்கின. பராமரிப்புக்காகப் போட்ட ஒரு கட்டளை முதுகெலும்பு இணைப்புகளைத் துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் பிழை. தளத்தின் பெயரை இணைய எண்முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள், தரவு மையத்தை எட்ட முடியாததால், தம் முகவரிக்கான வழித்தட அறிவிப்பைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டன. அவ்வளவுதான், உலகத்தின் பார்வையில் அந்தப் பெயர்களே இல்லாமல் போயின. அன்று நின்றது பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஃபேஸ்புக் கணக்கை வைத்து மற்றத் தளங்களில் நுழைவது, வாட்ஸாப்பில் ஆர்டர் எடுப்பது, இரண்டும் நின்றன. மோகத்தை அணைத்தால் சலிப்பு வரும். வேலை நிற்கிறது என்றால் அது குழாய்த் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது என்று பொருள்.

சட்டத்தையும் ஒரு கண் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 4.5 கோடிப் பயனர்களைத் தாண்டிய தளங்களுக்குத் தனி விதிகள்: பயனரைப் பற்றிய விவரத் தொகுப்பை வைத்துப் பரிந்துரைக்காத ஒரு ஃபீடாவது தர வேண்டும், மீறினால் உலக வருவாயில் 6 விழுக்காடு வரை அபராதம். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே கணக்கு வைத்திருக்க விடக்கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது. நாலு நாள் கூத்துக்கு நிரந்தர அலுவலகம் திறந்து அதிகாரி போடுகிற அரசு எங்கும் இல்லை. உங்கள் அமைப்பு பதின்பருவத்தினருக்கானது என்றால், தளம் உயிரோடிருந்தும் உங்கள் வாசகர் உள்ளே இல்லாமல் போகலாம். தளம் மூடுவதைவிட இது அருகில் இருக்கும் ஆபத்து.

---

முகிலன்

மிக்க நன்றி. குழுவில் சண்டை தீராது, ஆனால் இனி எதைப் பற்றிச் சண்டை என்பதாவது தெரியும். மூன்றாவது கேள்வி மிச்சம்: சொந்தத் தளத்தை மூடக்கூடாது என்று புரிகிறது. ஏற்கெனவே உள்ளே கிடக்கும் 9 ஆண்டுப் பதிவுகளையும் படங்களையும் வெளியே எடுப்பது எப்படி? எங்கே கெடும்?

---

பெட்டகம்

முதலில் ஒன்று: தளம் வைத்திருப்பது காப்பகம் அல்ல. மைஸ்பேஸ் மூடாமலே, சர்வர் மாற்றத்தின்போது 2016-க்கு முந்தைய பாடல், படம், காணொளிகளை இழந்துவிட்டதாக 2019-இல் தெரியவந்தது. மூடினால்தான் போகும் என்று நினைக்க வேண்டாம்.

ஃபேஸ்புக்கிலிருந்து எடுக்கும்போது: அக்கவுன்ட்ஸ் சென்டரில் உங்கள் தகவல், அனுமதிகள் பகுதிக்குள் பதிவிறக்க வசதி இருக்கிறது. பக்கத்துக்கு, அதாவது பேஜுக்கு, தனியாக எடுக்க வேண்டும். நிர்வாகியின் சொந்தக் கணக்கை இறக்கினால் பக்கத்தின் பதிவுகள் அதில் வராது. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். தேதி வரம்பை 'எல்லாக் காலமும்' என்றும் படத் தரத்தை 'உயர்' என்றும் நீங்களே மாற்றுங்கள்; இருக்கிறபடி விட்டால் சுருங்கிய படம் வரும். ஹெச்டிஎம்எல், ஜேசன் இரண்டு வடிவிலும் தனித்தனியாகக் கோருங்கள். முதலாவது மனிதர் படிக்க, இரண்டாவது நிரல் படிக்க. கோப்பு தயாராகச் சில மணி முதல் சில நாள் வரை ஆகலாம். இணைப்பு சில நாளில் காலாவதியாகும், ஆகவே கோரிக்கை போட்ட வாரத்தில் ஊருக்குக் கிளம்பாதீர்கள். பெரிய கணக்கானால் பல ஜிப் துண்டுகளாக வரும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் விரிக்க வேண்டும். தனித்தனியாக விரித்தால் பதிவுக்கும் படத்துக்குமான தொடர்பு அறுந்துவிடும்.

அடுத்து தமிழுக்கே உரிய தலைவலி. ஜேசன் கோப்பை நிரலால் படித்துப் பார்த்தால் தமிழ் இருக்காது. தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்து ஒன்றும் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் மாறி மாறி வரும். தரவு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அந்த 3 பைட்டையும் மூன்று தனி எழுத்தாகக் கருதி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பைத்தானில் ஜேசனைப் படித்தபின், ஒவ்வொரு சரத்தையும் லத்தீன்-1 (பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற பழைய முறை) ஆக என்கோட் செய்து, வந்த பைட்டுகளை யூடிஎஃப்-8 ஆக டிகோட் செய்யுங்கள். வரிசை மாறக்கூடாது: முதலில் ஜேசனைப் படிப்பது, பிறகு மாற்றுவது. கோப்பு முழுவதையும் நோட்பேடில் திறந்து வேறு என்கோடிங்கில் சேமிப்பது வேலைக்காகாது. மாற்றிய பிறகு 'கொ', 'கோ', 'கௌ' உள்ள நாலு சொல்லைச் சோதியுங்கள். ஒற்றைக் கொம்பு தனியே தொங்கினால் ஏதோ ஒரு பைட் விழுந்திருக்கிறது.

படங்களில் எடுத்த தேதி, இடம் இருக்காது. பதிவேற்றும்போதே தளம் அவற்றை நீக்கிவிடுகிறது. தேதி ஜேசனில் 10 இலக்க எண்ணாக இருக்கும்: 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகள், கிரீன்விச் நேரப்படி. உங்கள் நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் நள்ளிரவை ஒட்டிய பதிவுகள் முன்பின் நாளுக்குத் தாவும்.

வராதவையும் உண்டு. உங்கள் பதிவின்கீழ் மற்றவர்கள் எழுதிய கருத்துகள் பெரும்பாலும் வராது. பின்தொடர்பவர்களின் மின்னஞ்சல் வரவே வராது. முக்கியமான விவாதம் இருந்தால் அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆக இப்போதே அச்சிட்டு வையுங்கள். 'மேலும் கருத்துகள்' எல்லாவற்றையும் விரித்துவிட்டு அச்சிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சில கருத்துகள்தான் கிடைக்கும். எடுத்ததை 3 பிரதி, 2 வகைச் சாதனம், 1 வேறு இடம் என்று வையுங்கள்.

இனி வருவதற்கு: எதையும் முதலில் சொந்த டொமைனில், அதாவது உங்கள் பெயரில் பதிந்த இணைய முகவரியில், வெளியிட்டு, பிறகு தளங்களுக்கு நகல் அனுப்புங்கள். ஆண்டுக்கொருமுறை அள்ளும் வேலையே இருக்காது.

மின்னஞ்சல் பட்டியலை உயிரோடு வைக்க: டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (அனுப்புவது நீங்கள்தான் என்று மெய்ப்பிக்கும் அமைப்புகள்) மூன்றும் சரியாக இருக்க வேண்டும். நாளுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் இது கட்டாயம். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. பத்தாண்டாகத் தொடாத பட்டியலுக்கு ஒரே நாளில் அனுப்பினால் புகார் குவியும். அண்மையில் திறந்தவர்களில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக விரியுங்கள். பட்டியலை மாதம் ஒருமுறை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) ஆக எடுங்கள், ஒப்புதல் தந்த தேதியோடு. அதை எக்ஸலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறி அல்லது குப்பையாகத் தெரியலாம். 'டேட்டா' பகுதியில் இறக்குமதி செய்து யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்க வேண்டும். குப்பையாகத் தெரிந்த நிலையில் சேமித்துவிட்டீர்களோ, மூலமும் போய்விடும்.

---

தரவுத்தச்சன்

பெட்டகத்துக்கு ஒரு சேர்க்கை. பரவல் தளங்களுக்கு, அதாவது ஒரே நிறுவனத்தின் கையில் அடங்காமல் பல சர்வர்களில் இயங்கக்கூடியவற்றுக்கு, போனால் எல்லாம் தீர்ந்தது என்று யாராவது குழுவில் சொல்வார்கள். மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. ப்ளூஸ்கையில் சொந்த டொமைனையே கணக்குப் பெயராக வைக்கலாம், டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் பதிவு போதும். எங்கே போனாலும் உங்கள் டொமைன்தான் நங்கூரம். அதைத் தனிநபர் பெயரில் அல்லாமல் அமைப்பின் பெயரில் பதிந்து, தானே புதுப்பிக்கும்படி வையுங்கள்; பணம் கட்டும் அட்டை காலாவதியானால் அந்தப் புதுப்பித்தலும் நடக்காது என்பதையும் நாட்காட்டியில் குறியுங்கள்.

---

முகிலன்

கோரிக்கை போட்டாயிற்று. 7 துண்டுகளில் 4-ஆவது மட்டும் பாதியில் நிற்கிறது. மற்ற ஆறையும் விரித்துவிடலாமா?

---

பெட்டகம்

விரிக்காதீர்கள். இணைப்பு காலாவதியாகும் முன் 4-ஆவதை மட்டும் வேறு உலாவியில் மறுபடி இறக்குங்கள், முடிந்தவரை கம்பி இணைப்பில். ஜிப் சோதனை பிழையில்லாமல் முடிந்தபின் ஏழையும் ஒன்றாக விரியுங்கள். காலாவதியாகிவிட்டால் முழுக் கோரிக்கையையும் புதிதாகப் போட வேண்டும். பழைய ஆறோடு புதிய 4-ஆவதைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் துண்டு பிரிக்கும் இடம் மாறலாம்.